மற்றவை

ஜூன் 3, செவ்வாய்

நான்காம் படுக்கைத் தாத்தாவின் டிரிப்ஸ் ஸ்டாண்டு கீச்சென்று கத்துகிறது. ராத்திரி மூன்று தடவை அதைத் தள்ளிக்கொண்டு பாத்ரூம் போய்வந்தார். ஐந்து சக்கரத்தில் ஒன்றுதான் கத்துகிறது. அது சுற்றவே இல்லை, இழுபடுகிறது. சுற்றுகிற சத்தம் வேறு, தேய்கிற சத்தம் வேறு. என் வீட்டுக்காரர் தூங்குகிறார் என்று நினைத்தேன். இவர் கண்ணைத் திறக்காமலே, "எந்தச் சக்கரம்னு கண்டுபிடிச்சாச்சா?" என்றார்.

ஜூன் 4, புதன்

இவருடைய ரிப்போர்ட் திங்கட்கிழமையாம்.

ஜூன் 5, வியாழன்

பைபிளுக்குள் அந்தத் தாள் அப்படியே இருக்கிறது. சபையில் கொடுத்து நாலு மாதம் ஆகிவிட்டது. 'உங்கள் தாலந்து எது? டிக் செய்யவும்.' பாடல். இசைக்கருவி. ஓய்வுநாள் பள்ளி. ஜெபக்குழு. சாட்சி சொல்லுதல். சுகவீனரைச் சந்தித்தல். அடியில் 'மற்றவை' என்று போட்டு, ஒரு சுண்டுவிரல் நீளத்துக்குப் புள்ளிக்கோடு.

பாட்டு எனக்கு வராது. பதினான்கு வயதில் பாடகர் குழுவில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் குழுவை நடத்தியவர் ஓரமாகக் கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வேண்டாம்" என்றார். கிறிஸ்துமஸ் முடியும்வரை வாயை அசைத்தேன். சத்தம் போடாமல் நின்றதில் ஒரு லாபம்: ஆர்மோனியத்தின் துருத்தியில் காற்று ஒழுகுவது எனக்குக் கேட்டது. மடிப்பில் ஒரு கிழிசல். ஆள் இல்லாத நேரம் பார்த்து, துணித்துண்டும் பசையும் வைத்து ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு வாசித்தவர், "இன்னைக்கு நல்லா வருதே" என்று தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் வாயை அசைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் செய்வது?

ஜூன் 6, வெள்ளி

தாத்தாவுக்கு மதியம் டிரிப்ஸ் கழற்றியிருந்தார்கள். ஸ்டாண்டைச் சாய்த்துப் பார்த்தேன். நினைத்தது சரிதான். அச்சைச் சுற்றி முடி. முடியோடு நூல், பஞ்சு, பிளாஸ்திரித் துண்டு எல்லாம் சேர்ந்து முறுக்கேறி, கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. நகவெட்டியின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, ஹேர்பின்னை உள்ளே விட்டு இழுத்தேன். வரவர வந்துகொண்டே இருந்தது. கறுப்பு, நரை, சாயம் போட்டது, ஒரு குழந்தையுடையது போல மெல்லியது. எத்தனை பேர் இந்த வழியாக நடந்திருக்கிறார்கள். கடைசியில் என் பையிலிருந்த வாசலினை ஒரு பொட்டு தொட்டு அச்சில் வைத்தேன். விரலால் தட்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

சிஸ்டர் பார்த்துவிட்டார். "ஆன்ட்டி, மத்த ஸ்டாண்டையும் பார்ப்பீங்களா?" மொத்தம் ஒன்பது. இன்றைக்கு நாலு முடித்தேன். அந்த இரண்டு மணி நேரமும் திங்கட்கிழமை என்ற நினைப்பே வரவில்லை. ஸ்தோத்திரம்.

ஜூன் 7, சனி

மீதி ஐந்தும் முடிந்தது.

இவர் வேலை வேறு. பெருக்க வருகிற அம்மாவின் மகள் என்ன பரீட்சை எழுதுகிறாள், ராத்திரி சிஸ்டருக்கு எந்தப் பக்கத்துப் பல் வலி, தாத்தாவின் மூத்த மருமகள் பெயர் என்ன, எல்லாம் நாலே நாளில் தெரிந்து வைத்திருக்கிறார். எனக்கு மனுஷர்களின் முகமே நிற்காது. இவரோ ஒருமுறை கேட்ட பெயரை விடமாட்டார். சபையில் புதிதாக வந்தவர்கள் இரண்டாவது வாரமும் வந்தார்களென்றால் பாதிப் பேர் இவருக்காகத்தான் என்று எனக்கொரு சந்தேகம். இவரும் அந்தத் தாளைப் பூர்த்தி செய்து கொடுக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதேம்மா" என்றார் அப்போது.

சாயங்காலம், "ஸ்டாண்டையெல்லாம் விட்டுட்டுக் கொஞ்சம் பக்கத்துல உட்காரேன்" என்றார். உட்கார்ந்தேன். கட்டில் சக்கரத்தின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. இவர் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே, பரிசுத்த ஆவி இறங்கிய திருநாள். போனில் ஆராதனை பார்த்தோம், காதுக்கு ஒன்றாக இயர்போன். பிரசங்கம் அக்கினிமயமான நாவுகளைப் பற்றி. நல்ல பிரசங்கம்தான். ஆனால் எனக்கு மனம் யாத்திராகமத்துக்குப் போய்விட்டது. 31ஆம் அதிகாரம். பெசலெயேல். பெயரைச் சொல்லி, இவனை தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்கிற முதல் ஆள், எனக்குத் தெரிந்தவரை இவன்தான். தீர்க்கதரிசி இல்லை, ராஜா இல்லை. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம், இவற்றில் கர்த்தருடைய கூடாரத்துக்கு வேலை செய்கிற கைவினைஞன். கூடவே அகோலியாப். நாலு அதிகாரம் தள்ளி, கைகளினால் நூற்றுக் கொண்டுவந்த பெண்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, 'ஞான இருதயமுள்ள' என்ற அடைமொழி மட்டும்.

பெசலெயேலின் தாத்தா பெயர் ஊர். அமலேக்கோடு யுத்தம் நடந்தபோது ஆரோனோடு சேர்ந்து மோசேயின் கையைத் தாங்கிப் பிடித்தானே, அதே ஊர்தான் என்று பலரும் சொல்கிறார்கள். தாத்தா வேலை ஒரு கையைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நிற்பது. சூரியன் மறையும்வரை வேறொன்றும் செய்யவில்லை. அதை எந்தக் கட்டத்தில் போடுவார்கள்?

சரி, அந்தத் தாளை விட வேண்டும். அச்சடித்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அச்சடித்தார்கள்.

ஜூன் 9, திங்கள்

வரவில்லை. இவரிடம் பரிசோதனைக்கு எடுத்த மாதிரி ஒரு நாள் தாமதமாகத்தான் லேபுக்குப் போயிருக்கிறது. இப்போது இன்னொரு சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டுமாம். வியாழன் என்கிறார்கள். ஒரு நாள் அது எங்கே கிடந்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கத்திவிட்டேன். இவர், "அந்தப் பையன் பேர்..." என்று ஆரம்பித்தார். எனக்கு யார் பெயரும் வேண்டாம்.

ஜூன் 10, செவ்வாய். அதிகாலை, மணி தெரியவில்லை

சத்தமே இல்லை. ஒன்பது ஸ்டாண்டும் ஊமையாகிவிட்டன. தாத்தா எழுந்து போனதுகூடத் தெரியவில்லை. இந்த அமைதியைக் கொண்டுவந்தவள் நான்தான். இப்போது தாங்க முடியவில்லை.

மத்தேயு 25. எஜமான் கொடுத்த தாலந்தை மண்ணில் புதைத்துவைத்த மூன்றாவது ஊழியக்காரன். சின்ன வயதிலிருந்து அவனுக்குக் கிடைத்தது ஏதோ ஒரு காசு என்று நினைத்திருந்தேன். தாலந்து என்பது நிறை. 30 கிலோவுக்கும் மேல். வெள்ளிக் கணக்கில் 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒரு நாள் கூலி என்று வைத்தால் ஏறக்குறைய இருபது வருஷ உழைப்பு. இதைப் புதைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆழமாகத் தோண்டியிருக்க வேண்டும், மேல் மண்ணை அடையாளம் தெரியாமல் மூடியிருக்க வேண்டும். அவன் சோம்பேறியாகத் தோண்டியிருக்க மாட்டான். வியர்த்திருப்பான். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவன்தான்.

இன்னொன்று. 'அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக' என்று இருக்கிறது. திறமை முன்பே அவர்களிடம் இருந்தது, அதைப் பார்த்துத்தான் தாலந்தைக் கொடுத்தார். அப்படியென்றால் திறமை வேறு, தாலந்து வேறு. நாம்தான் இரண்டையும் ஒன்றாக்கி, தாளில் அச்சடித்து, டிக் போடச் சொல்கிறோம். காது என் திறமை, கை என் திறமை, சரி. அதைப் பார்த்து என்னிடம் ஒப்படைத்தது எதை? ஸ்டாண்டையா? இதோ வாயைத் திறந்து தூங்குகிற இவரையா?

கணக்குக் கேட்டபோது அவன் சொன்ன வார்த்தைகளில் ஒன்று 'பயந்து'. பயந்து, போய், புதைத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் நான் எதற்காக அந்தச் சக்கரத்தடியில் உட்கார்ந்தேன்? தாத்தாவுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டேன். இவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க இரண்டு மணி நேரம் கிடைத்தது. அடுத்த நாளும் போனேன். 'ஸ்தோத்திரம்' என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்பது ஸ்டாண்டு. ஒன்பது குழி.

ஆனால் தாத்தா தூங்குகிறாரே. அதுவும் நிஜம்தானே.

ஜூன் 10, இரவு

நாள் முழுக்க எதையும் தொடவில்லை. இவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தது. "எங்கேயாவது லூசா இருக்கா?" என்றார்.

ஜூன் 11, புதன்

சபையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று அழகாக ஜெபித்தார்கள். முடிக்கும்போது, "சிஸ்டர், நீங்களும் ஒரு வார்த்தை" என்றார்கள். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பழைய பாடகர் குழு மாதிரி அசைத்துவிட்டு "ஆமென்" சொன்னேன். ஆமென் மட்டும் சத்தமாக வந்தது.

அவர்கள் போனபிறகு தொற்காள் ஞாபகம். யோப்பா பட்டணத்தில் அவள் மரித்தபோது, பேதுருவைச் சுற்றி விதவைகள் அழுதுகொண்டு நின்றார்கள், அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளைக் காண்பித்தார்கள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதாகக்கூட இல்லை. துணியைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

இவருக்கு என்ன காட்டுவார்கள்? பெயரைக் கையில் பிடித்துக் காட்ட முடியுமா? ஒருவர் உங்கள் பெயரை மறக்காமல் இருந்தார் என்பதற்கு என்ன மடிப்பு, என்ன தையல்?

இதை நான் எழுதியிருக்கக் கூடாது. கிழிக்கவும் மனமில்லை.

ஜூன் 11, இன்னும் தூக்கம் வரவில்லை

சகோதரர் லாரன்ஸ், 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கர்மேல் மடத்துச் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே ஜெபித்தவர். எல்லாப் பிரசங்கத்திலும் அவர் வந்துவிடுவார். ஆனால் சமையலறை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது என்பதை யாரும் சொல்வதில்லை. பிற்பாடு செருப்புத் தைக்கிற வேலைக்கு மாறினார். பிடிக்காத வேலையில் தேவனோடு பேசிக்கொண்டிருந்தவர் அவர். எனக்குப் பிடித்த வேலையிலேயே ஓடி ஒளியத்தான் தெரிந்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது இரண்டே கால்.

நான் முகம் கழுவப் போயிருந்தபோது இவர் பைபிளை எடுத்துப் புரட்டியிருக்கிறார். அந்தத் தாள் போர்வைமேல் கிடந்தது. 'மற்றவை' என்ற இடத்தில் இவர் கோணல் எழுத்தில், புள்ளிக்கோட்டைத் தாண்டிக்கொண்டு: காது.

"பாஸ்டர் சிரிப்பார்" என்றேன்.

"கேட்கிறதற்குக் காதுள்ளவன் கேட்கக்கடவன்னு எழுதியிருக்கில்ல? உள்ளவ நீ ஒருத்திதான்" என்றார்.

பேனாவை வாங்கி, அதற்குப் பக்கத்தில் இவருக்காக 'பெயர்கள்' என்று எழுதினேன். இடம் போதவில்லை, தாளின் ஓரத்தில் மேலே ஏறிப் போய்விட்டது. ஒரு தாளுக்கு ஒரு ஆள் என்று போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை.

சிஸ்டர் வந்து நிற்கிறார். ஏழாம் படுக்கைக் கட்டிலில் கைப்பிடி சுற்றுகிறதாம், தலைப்பக்கம் ஏறவில்லையாம், புதிதாக வந்தவருக்கு மூச்சு வாங்குகிறதாம். சுற்றினால் கடகடவென்று சத்தம் வருகிறதா என்று கேட்டேன். இல்லை, சும்மா வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது என்றார். அப்படியானால் உள்ளே கைப்பிடியைப் பிடித்து நிறுத்தும் ஊசி உடைந்திருக்க வேண்டும், கம்பி இருந்தால் இப்போதைக்குச் சமாளிக்கலாம். எழுந்திருக்கவில்லை. இவரைப் பார்த்தேன்.

"சேவியர்னு பேரு. காலையிலதான் வந்தார்" என்றார். "போயிட்டு வா. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

ஹேர்பின் எங்கே வைத்தேன்