சேலஞ்ச் ஓட்டு, டெண்டர் ஓட்டு: அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டில் எது உண்மை?

தேர்தல் தேதி வந்ததும் குடும்பக் குழுக்களில் ஒரு ஃபார்வர்ட் சுற்ற ஆரம்பிக்கும். பட்டியலில் பெயர் இல்லையா, ஆதாரைக் காட்டி 49ஏ-படி 'சேலஞ்ச் ஓட்டு' போடுங்கள். உங்கள் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்களா, 'டெண்டர் ஓட்டு' கேளுங்கள். ஒரு பூத்தில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு. இதில் நடுவில் இருப்பது மட்டும்தான் உண்மை.

1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ (49A) ஓட்டு மெஷினின் வடிவமைப்பைப் பற்றியது. சேலஞ்ச் வருவது 49ஜே-யில். அதை வாக்காளர் கேட்டு வாங்க முடியாது. ஓட்டுப் போட வந்தவர் அந்தப் பெயருக்கு உரியவர் இல்லை என்று பூத் ஏஜென்ட் ஆட்சேபிப்பதுதான் சேலஞ்ச். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் 2 ரூபாய் கட்ட வேண்டும், அந்த வாக்குச்சாவடியின் பொறுப்பாளரான தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். பெரும்பாலான ஏஜென்ட்டுகள் இதைக் கையில் எடுப்பதே இல்லை. கள்ள ஓட்டு விழுந்த பிறகு கத்துவதைவிட, முன்னால் இரண்டு ரூபாயை மேஜையில் வைப்பது எவ்வளவோ மேல்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் அன்றைக்கு ஓட்டு இல்லை, வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் சரி. ஆனால் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிற எல்லோருக்கும் பெயர் இல்லாமல் போய்விடுவதில்லை. வீட்டில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று குறித்த ஏ.எஸ்.டி. லிஸ்ட் ஒன்று தலைமை அலுவலரிடம் இருக்கும். அதில் இருப்பதாலேயே ஓட்டுரிமை போகாது. பெயர் பட்டியலில் இருந்து, ஆளும் நேரில் வந்தால், அடையாள ஆவணத்தைக் கூடுதலாகச் சரிபார்த்து, 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்தோடு கைநாட்டும் வாங்கிக்கொண்டு அனுமதிக்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "பெயரே இல்லையா, ஏ.எஸ்.டி.-யில் இருக்கா?" பூத் ஸ்லிப்பை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், 2019 முதல் அது அடையாள ஆவணம் ஆகாது.

இனி டெண்டர் ஓட்டு, விதி 49பி (49P). உங்கள் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே போட்டாச்சே" என்பார்கள். வெளியே வந்துவிடாதீர்கள், நேராகத் தலைமை அலுவலரிடம் போங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, நீங்கள்தான் அந்த ஆள் என்று அவருக்குத் திருப்தியானால், படிவம் 17பி-யில் (17B) உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஒரு காகித வாக்குச்சீட்டு தர வேண்டும். மெஷினில் போட முடியாது. சீட்டின் பின்பக்கம் அது டெண்டர் வாக்குச்சீட்டு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மறைவிடத்தில், அந்தக் காலத்து அம்புக்குறி ரப்பர் ஸ்டாம்பால் குத்தி, மடித்துக் கொடுத்தால், தனி உறையில் போய்விடும். "சீட்டு இல்லை" என்று சொன்னால் நம்ப வேண்டாம், ஒவ்வொரு பூத்துக்கும் இதற்கென்றே 20 சீட்டு அனுப்புகிறார்கள்.

வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். 14 சதவீதக் கதை வெறும் கதைதான், அப்படி ஒரு விதியே இல்லை. பிறகு எதற்கு இந்தச் சிரமம்? முடிவு வந்த 45 நாளுக்குள் வேட்பாளரோ, அந்தத் தொகுதி வாக்காளரோ உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போடலாம். 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டு. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் ஒரே ஓட்டு. நாத்துவாரா முடிவை எதிர்த்த வழக்கில் டெண்டர் ஓட்டுகளும் பேசுபொருளாயின. நீதிமன்றம் பார்க்க வேண்டுமானால் உறைக்குள் சீட்டு இருக்க வேண்டும்.

பட்டியலில் இருந்தே பெயர் போவதற்குத்தான் பூத்தில் மருந்து கிடையாது. உங்கள் பெயரை நீக்கச் சொல்லி யாராவது படிவம் 7 கொடுத்தால், அது படிவம் 10 பட்டியலில் வெளியாகும். அதைத் தொகுதிவாரியாகப் பார்க்கலாம், ஆனால் பார்ப்பவர்கள் குறைவு. படிவம் 7-இல் பொய் சொன்னால், 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை. உயிரோடு அதே முகவரியில் இருப்பவரை விசாரணைக்கு வாய்ப்புத் தராமல் நீக்க முடியாது. நீக்கிவிட்டால் மாவட்ட ஆட்சியரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு, அங்கும் தோற்றால் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் 30 நாளுக்குள். மேல்முறையீட்டுக்குக் காத்திருக்காமல், பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐயும் கொடுத்துவிடலாம். ஆனால் வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் பூட்டப்பட்டுவிடும், நடுவில் ஆட்சேப அவகாசம் ஒரு வாரம் ஓடும். மனுத்தாக்கல் முடிவதற்குப் பத்து நாள் முன்பே படிவம் கைமாறியிருக்க வேண்டும்.