பழைய ரவுட்டர் போர்டில் சீரியல் பின்களை அடையாளம் காண்பது

கழற்றியெடுத்த ரவுட்டர் போர்டில் வரிசையாக நான்கு துளைகள் இருந்தால், அது பெரும்பாலும் சீரியல் போர்ட்தான், அதாவது ரவுட்டர் பூட் ஆகும்போது அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் படிக்க உதவும் இணைப்பு. பக்கத்தில் பெயர் அச்சிடாவிட்டாலும் ஒரு மல்டிமீட்டர் போதும்.

முதலில் மின்சாரம் இல்லாமல் கன்டினியூட்டி (இரண்டு புள்ளிகள் இணைந்திருந்தால் பீப் அடிக்கும் சோதனை) பாருங்கள். உலோக ஷீல்டோடு பீப் அடிக்கும் துளை கிரவுண்ட். பிறகு போர்டை ஆன் செய்து மற்ற மூன்றையும் அளக்கலாம். 3.3 வோல்ட்டில் அசையாமல் நிற்பது சப்ளை. பூட் ஆகும் நொடிகளில் மட்டும் தள்ளாடுவது டிஎக்ஸ், போர்டு தரவை அனுப்பும் துளை. மிச்சம் ஆர்எக்ஸ், தரவைப் பெறும் துளை. புல்-அப் (லைனை 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) இருந்தால் ஆர்எக்ஸும் 3.3 காட்டிக் குழப்பும். அப்போது தடித்த டிராக் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) எந்தத் துளைக்குப் போகிறது என்று பாருங்கள், அதுதான் சப்ளை.

போர்டைக் கணினியோடு சேர்க்கும் யுஎஸ்பி-சீரியல் அடாப்டரை 3.3 வோல்ட்டுக்கு மாற்றிய பிறகே இணைக்க வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் சிப்பே எரிந்துவிடலாம். போர்டுக்கு அதன் சொந்த பவர் அடாப்டரே மின்சாரம் தரட்டும், சப்ளை துளையில் எதையும் மாட்டாதீர்கள். கிரவுண்ட் கிரவுண்டோடு, டிஎக்ஸ் எதிர்ப்பக்க ஆர்எக்ஸோடு.

கணினியில் வேகத்தை நொடிக்கு 115200 பிட்டில் தொடங்குங்கள். குப்பை எழுத்து வந்தால் 57600, 38400, 9600. லாஜிக் அனலைசர் (சிக்னல் ஏறி இறங்குவதை நேரத்தோடு பதியும் கருவி) இருந்தால் யூகமே வேண்டாம்: மிகக் குறுகிய பல்ஸ் 8.68 மைக்ரோ நொடி என்றால் 115200, 104 என்றால் 9600.

எதுவுமே வரவில்லையா? துளைக்கும் சிப்புக்கும் நடுவே ரெசிஸ்டர் வைக்காமல் விட்ட காலி இடத்தைத் தேடுங்கள். பல போர்டுகளில் அந்த இடத்தை ஒரு துளி ஈயத்தால் இணைத்தாலே எழுத்து ஓட ஆரம்பித்துவிடும்.