ஒரு முட்டை, 20 நிமிடம்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள். “இனி சாப்பாட்டில் என்ன சுகம்?” என்கிறார்கள். நம்ப மாட்டீர்கள், இப்போதுதான் ருசித்தே சாப்பிடுகிறேன்.

இன்று காலை ஒரு அவித்த முட்டை. சின்னக் கரண்டியால் கிள்ளிக் கிள்ளி, கூழாகும்வரை மென்று, 20 நிமிடம். மஞ்சள் கரு நாக்கில் மாவாக ஒட்டிக் கரைவதை இந்த வயதில்தான் கவனிக்கிறேன். முன்பு மூன்று முட்டை போன இடம் தெரியாது!

முதலில் புரதம், மற்றதெல்லாம் அப்புறம். சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் கிடையாது, அதுதான் கொடுமை. வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும். சரி, பழகிவிட்டது.

போன வாரம் பேச்சு சுவாரசியத்தில் ஒரு வாய் கூடிவிட்டது. நெஞ்சில் கல்லாக அடைத்து, விக்கல் வேறு. அதற்கு முன்பே மூக்கு ஒழுகி, வயிறு நிறைந்துவிட்டது என்று எச்சரித்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை.