டைம்லைனிலிருந்து நேராக டிவிடி ரைட் செய்யாதீர்கள்

இரண்டரை மணி நேரக் கல்யாண வீடியோ. ராத்திரி முழுக்க ஓடிய ரெண்டர் (எடிட் செய்ததை ஒரே வீடியோவாக்கும் வேலை) 43 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. மறுபடி போட்டாலும் அதே 43. அல்லது டிஸ்க் நல்லபடியாக வந்துவிடும். ஆனால் தாலி கட்டி முடித்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கும்.

எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனிலிருந்து (கிளிப்களை வரிசையாக அடுக்கும் இடம்) நேராக டிஸ்க் போடும் 'பர்ன் டிஸ்க்' பட்டன் மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்கிறது: டிவிடி ஏற்கும் வீடியோ வகையான எம்பெக்2 ஆக மாற்றுவது, மெனுவோடு சேர்த்து டிவிடி அமைப்பாக்குவது (ஆத்தரிங்), டிஸ்கில் எழுதுவது. எங்கே பழுது என்று அது சொல்வதில்லை. அதனால் மூன்றையும் பிரித்துவிடுங்கள். முதலில் எம்பெக்2 கோப்பு. பிறகு டிவிடிஸ்டைலர் போன்ற ஆத்தரிங் மென்பொருளில், டிவிடியின் கோப்புகள் இருக்கும் வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டர். அதை விஎல்சி பிளேயரில் திறந்து மெனு உட்பட முழுக்கப் பார்த்துவிட்டு, கடைசியாக டிஸ்க்.

அந்த 43க்கு வருவோம். 150 நிமிடத்தில் 43 சதவீதம் என்றால் சுமார் 64வது நிமிடம். டூ பாஸ் என்கோடிங் (படத்தை இரண்டு முறை ஓட்டி மாற்றுவது) என்றால் பல மென்பொருள்களில் முதல் 50 சதவீதம் ஒரு முழுச் சுற்று. அப்போது 43 என்பது அந்தச் சுற்றில் 86 சதவீதம், தேட வேண்டிய இடம் 129வது நிமிடம். அந்த இடத்தில் பெரும்பாலும் உடைந்த கிளிப் ஒன்றோ, 6000 பிக்சல் அகலமுள்ள ஸ்டில் ஃபோட்டோக்களோ இருக்கும். ஃபோட்டோக்களை 1920 அகலத்துக்குக் குறைத்துப் போடுங்கள். கிளிப்பை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றிச் சேருங்கள். கோப்பு 4 ஜிபியில் நின்றால் காரணம் வேறு: எழுதும் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. என்டிஎஃப்எஸ் டிரைவுக்கு மாற்றினால் போதும். இன்னொன்று, ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால் பழைய ஆத்தரிங் மென்பொருள்கள் பல அதைத் திறக்கவே திணறும். இந்த வேலைக்கு மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னதாகப் பெயர் வையுங்கள்.

ஒலி விலகுவதுதான் அதிகம் பேரை அலைக்கழிக்கும் பழுது. முதலில், படத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் விலகல் ஒரே அளவா, கூடிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஒரே அளவு என்றால் ஒலித்தடத்தை அவ்வளவு நகர்த்தினால் தீர்ந்தது. கூடிக்கொண்டே போனால் ஃபிரேம் ரேட்டில், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதில் கோளாறு. 29.97ஐ 30 என்று எடுத்துக்கொண்டாலே ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகிவிடும். செல்போன் வீடியோ இதைவிட மோசம். மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே விநாடிக்கு எடுக்கும் ஃபிரேம்களைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டரோ எல்லாவற்றையும் 30 என்றே எண்ணி ஓட்டும். படம் முந்தும், சத்தம் பிந்தும். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் கிளிப்பைத் திறந்து ஃபிரேம் ரேட் 'வேரியபிள்' (மாறிக்கொண்டிருப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், டைம்லைனில் வைக்கும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். எடிட் முடித்த பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். டிவிடி வீடியோவில் 44.1 செல்லாது.

அடுத்தது பிட்ரேட், அதாவது ஒரு விநாடிப் படத்துக்கு ஒதுக்கும் டேட்டா அளவு. மென்பொருளின் 'ஆட்டோ'வை நம்பாமல் நீங்களே கணக்கிடுங்கள். 4.7 ஜிபி டிஸ்க் என்பது 37,600 மெகாபிட். (விண்டோஸ் இதையே 4.38 ஜிபி என்று காட்டும், டிஸ்க் குறைந்துவிடவில்லை.) இதை விநாடிகளால் வகுங்கள். இரண்டரை மணி நேரம் 9,000 விநாடி, விடை விநாடிக்கு 4.18 மெகாபிட். மெனுவுக்கும் மற்றதற்கும் 5 சதவீதம், ஏசி3 (சுருக்கிய) ஒலிக்கு 0.192 கழித்தால் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 3.75 மெகாபிட். ஒலியைச் சுருக்காத பிசிஎம்மில் வைத்தால் அது மட்டுமே 1.7 ஜிபியைத் தின்றுவிடும். ஏசி3 என்றால் 216 எம்பிதான். 3.75இல் நடனமும் பூமழையும் கட்டம் கட்டமாக உடையும். நான் சொல்வேன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் இரண்டு டிஸ்காகப் பிரியுங்கள். ஒரு மணி நேரப் படமாக இருந்தாலும் 9.8 என்ற உச்சவரம்பைத் தொட வேண்டாம். 8க்குள் நிறுத்தினால் பழைய பிளேயர்களிலும் தடங்கலின்றி ஓடும்.

கணினியில் சரியாகத் தெரிந்த படம் டிவியில் நடுங்கினால் அது ஃபீல்டு ஆர்டர் கோளாறு. ஒரு ஃபிரேமின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் தனித்தனி ஃபீல்டுகள்; எது முதலில் வரும் என்பதுதான் ஆர்டர். ஆரத்தித் தட்டைச் சுற்றும் கையைக் கவனியுங்கள்: கை முன்னே போய், துளி பின்னே வந்து, மறுபடி முன்னே போவதுபோல் துடிக்கும். டிஜிட்டல் வீடியோ (DV) டேப் கேமரா கீழ் ஃபீல்டை முதலில் தரும்; ஏவிசிஎச்டி கேமராவின் 1080i வீடியோ மேல் ஃபீல்டை முதலில் தரும். இரண்டையும் கலந்து எடிட் செய்தால் ஒவ்வொரு கிளிப்பின் பண்புகளிலும் சரியான ஆர்டரைக் குறித்துவிடுங்கள். ஆட்கள் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிந்தால் 16:9 படத்துக்கு ஆத்தரிங்கில் 4:3 என்று குறி விழுந்திருக்கிறது. அதை மாற்றினால் போதும், மறுபடி ரெண்டர் வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்கு அனுப்பும் டிஸ்கை மட்டும் அந்நாட்டு டிவி முறையான என்டிஎஸ்சியில், 720க்கு 480 பிக்சலில் தனியாகப் போடுங்கள். அங்கே விற்கும் பிளேயர்கள் பலவற்றில் நம்முடைய பிஏஎல் (PAL) முறை டிஸ்க் ஓடாது.

ரைட் செய்ய 8எக்ஸ் வேகம் போதும். டிஸ்கை முடித்து மூடும் 'ஃபைனலைஸ்' தேர்ந்திருக்க வேண்டும். டிவியில் படம் உறைந்தால் அதே ஃபோல்டரிலிருந்து இன்னொரு டிஸ்க் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் உறைந்தால் அந்தக் காட்சியில் பிட்ரேட் எகிறியிருக்கலாம். உச்சத்தைக் குறைத்து மறுபடி என்கோட் செய்யுங்கள். வெவ்வேறு இடங்களில் உறைந்தால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க் அல்லது ரைட்டர். கடைசிப் பகுதி மட்டும் திக்கினால், விளிம்பில் எழுத்து சரியாக விழவில்லை என்று பொருள். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. மணமக்கள் படம் அச்சிட்ட காகித ஸ்டிக்கரை டிஸ்கின் மேல் ஒட்டுவதும் இதே பழுதைத் தரும். படத்தை உறையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.