நடுவுக்கு வராத முள்

ஜனவரி 6

அரை மணி நேரம் வண்டி ஓட்டியும் எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானியின் முள் நடுவுக்கு வரவில்லை. வேகமெடுத்தால் கீழே இறங்குகிறது, நின்றால் மெல்ல ஏறுகிறது. ஹீட்டரிலும் வெதுவெதுப்பான காற்றுதான். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன், பி0128 என்ற பிழைக் குறியீடு. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்று அர்த்தம். எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட், திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மூடியபடி சிக்கினால் எஞ்சின் கொதித்து அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். இது அப்படியில்லை. வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்; எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாக எரிபொருளை ஊற்றும். மைலேஜ் ஏன் இறங்கியது என்று இப்போது புரிகிறது.

ஜனவரி 7

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் கீச் சத்தத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆல்டர்னேட்டர் போன்றவற்றைச் சுழற்றும் பெல்ட்டில் ஒரு வெடிப்புகூட இல்லை. ஆனால் அதை நம்ப முடியாது. பழைய நியோப்ரீன் பெல்ட்தான் வெடித்துக் காட்டும். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர், டயர் மாதிரி தேய்ந்துகொண்டே போகும். வரிகளுக்கு நடுவே நகத்தை வைத்துத் தடவினேன். பள்ளம் அகன்று, பளபளவென்று வழுக்குகிறது. முதுகில் 6பிகே1750 என்று இருக்கிறது: ஆறு வரி, 1750 மில்லிமீட்டர் நீளம். அதே எண்ணில் ஒன்று வாங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் வேலை முதலில், புது பெல்ட் அதற்கப்புறம். கூலன்ட் தெறித்த பெல்ட் வழுக்கிக் கத்தும். நனைவது பழையதாகவே இருக்கட்டும்.

ஜனவரி 11

இரவு முழுக்க வண்டி ஆறியிருந்தது. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் அடித்துவிடும். வடித்த கூலன்ட்டை உடனே மூடி வைத்தேன். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் விஷம். நாயோ குழந்தையோ வாய் வைத்துவிடக் கூடாது.

தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் ஹவுசிங்கில் இரண்டே போல்ட். கழற்றியதும் பழைய தெர்மோஸ்டாட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். குளிர்ந்த நிலையிலேயே வால்வுக்கும் வளையத்துக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி! இத்தனை நாள் கூலன்ட் ரேடியேட்டருக்கு ஒழுகியது இந்த வழியாகத்தான்.

புதியதை நூலில் கட்டி, அடியில் படாமல் ஒரு பழைய பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பேற்றினேன். மேலே திறக்கும் சூடு 82 டிகிரி செல்சியஸ் என்று பொறித்திருக்கிறது. தெர்மாமீட்டர் 80 தாண்டும்வரை அசைவே இல்லை. 83-ல் தலைமுடி அளவுக்கு ஒரு கீற்று. பிறகு உள்ளேயிருக்கும் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ள, வால்வு நிதானமாகத் திறந்தது. தண்ணீர் ஆறியதும் தானாகவே மூடிக்கொண்டது. மாட்டுவதற்கு முன் ஒருமுறை இதைப் பார்த்துவிட வேண்டும்; புதுப் பெட்டிக்குள்ளும் பழுதானது வரலாம்.

ஸ்பிரிங் பக்கம் எஞ்சினைப் பார்த்து, காற்று போகும் சின்ன ஊசி மேலே இருக்கும்படி வைத்தேன். அலுமினிய ஹவுசிங் என்பதால் போல்ட்டுகளை மேனுவல் சொன்ன 10 நியூட்டன் மீட்டரோடு நிறுத்திக்கொண்டேன். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன். குமிழ் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

ஜனவரி 12

பெல்ட் போகும் வழியைப் படமெடுத்துக்கொண்டேன். நீளமான ஸ்பேனரால், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தள்ளியதும் பெல்ட் தளர்ந்து கையோடு வந்துவிட்டது. புதியதை உடனே போடவில்லை. ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுழற்றிப் பார்த்தேன். ஆல்டர்னேட்டர் சத்தமில்லாமல் சுழன்றது. பெல்ட்டுக்கு வழிகாட்டும் வெறும் புல்லியான ஐட்லர் மட்டும் மணல் அரைபடுவது போலக் கரகரத்தது. கீச் சத்தத்தில் இதற்கும் பங்கு உண்டு. பெல்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் சில வாரங்களில் திரும்பக் கத்தியிருக்கும்.

ஜனவரி 14

ஐட்லர் மாற்றியாயிற்று. புது பெல்ட்டின் ஆறு வரியும் எல்லாப் புல்லியிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை.

பத்தே நிமிடத்தில் முள் நடுவில். ஸ்கேனரில் 88 டிகிரி, ஏற்றத்திலும் 90 தாண்டவில்லை.

ஜனவரி 15

காலையில் ரிசர்வாயரில் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. எங்கோ தங்கிய காற்று வெளியேறியிருக்கிறது. நிரப்பிவிட்டேன். ஹவுசிங்குக்குக் கீழே நேற்று விரித்த அட்டை காய்ந்தே கிடந்தது.