கோடத்தில் கைப்பேசியை அணைத்த நாள்

புனேயிலிருந்து நாசிக் போகும் சாலையில் இருக்கிறது நாராயண்காவ். தக்காளிக்கும் திராட்சைக்கும் பேர்போன ஊர். அங்கே கண்ணில் நீர் வரவைக்கும் ஒரு மிசள் பாவை (பன்னோடு தரும் காரமான பயறுக் குழம்பு) சாப்பிட்டுவிட்டு, ஷேர் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கோடத் கிராமத்துக்குப் போனேன். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பெரிய கிண்ணங்களால் பிடிக்கும் ஜி.எம்.ஆர்.டி. (ஜயன்ட் மீட்டர்வேவ் ரேடியோ டெலஸ்கோப்) தொலைநோக்கி வளாகத்துக்குள் அன்று நம்மையும் விடுவார்கள்.

உள்ளே போகும்போதே கைப்பேசியை அணைக்கச் சொன்னார்கள். பயணக் கட்டுரை எழுதுகிறவனுக்குக் கை ஒடிந்த மாதிரிதான். ஆனால் நியாயம் அவர்கள் பக்கம். பல கோடி ஒளியாண்டு தாண்டி வரும் முனகலுக்குக் காது கொடுக்கும் இடத்தில், என் பையிலிருக்கும் போன் தவில் வாசித்தால் எப்படி?

45 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் என்றதும் பளபளக்கும் தகட்டை எதிர்பார்த்திருந்தேன். அடியில் நின்று அண்ணாந்தால் மேகம் தெரிகிறது! முழுக்கக் கம்பி வலை. கம்பியின் பருமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இங்கே பிடிக்கும் அலைகளின் நீளம் 21 சென்டிமீட்டரில் தொடங்கி 2 மீட்டர் வரை. அவ்வளவு நீண்ட அலைக்கு வலையின் சிறு கண்கள் ஓட்டையே இல்லை, சுவர். காற்றுக்கு மட்டும்தான் அது வலை, புகுந்து போய்விடுகிறது. அதனால் தாங்கும் சட்டமும் இளைத்தது, செலவும் இளைத்தது.

இதைக் கட்டிய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப், அதற்கு முன் நம் ஊட்டியில் செய்ததும் இதே ரகச் சாமர்த்தியம். 1970இல் முடிந்த 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை, ஏறக்குறைய 11 டிகிரி சரிந்த மலையில் வடக்கு தெற்காகக் கிடத்தினார். ஊட்டியின் அட்சரேகையும் 11தான். ஆகவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. பூமி சுழல்வதற்கு ஈடாக ஒரே பக்கமாக உருட்டினாலே வான்பொருளைத் தொடரலாம்.

கோடத்தில் கிண்ணங்கள் 30. நடுவில் 14, மிச்சம் 16, மூன்று கைகளாக வயல்வெளிகளுக்கு நடுவே 25 கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் கேட்டதை ஒளியிழை வழியே ஒரே அறைக்கு அனுப்ப, எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய தொலைநோக்கிபோல வேலை செய்ய, அங்கே இரண்டிரண்டாக ஒப்பிடுகிறார்கள். 435 ஜோடி! ஒரு நேரத்தில் 32 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசையைக் கேட்ட கருவி, மேம்படுத்திய பிறகு 400 வரை கேட்கிறதாம்.

சுற்றிக்காட்டிய ஆய்வு மாணவர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் மனதில் இருக்கிறது. 2016 அக்டோபர் 19 அன்று, ஸ்கியாபரெல்லி என்ற ஐரோப்பியக் கலம் செவ்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் மெல்லிய சமிக்ஞையை இந்தக் கம்பிக் கிண்ணங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. தரை தொடும் முன்பே அது நின்றுபோனது. கலம் மோதி நொறுங்கியது பிறகுதான் தெரிந்தது.

அவர் முடிக்கும்போது பக்கத்துக் கிண்ணம் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் "ஹோ"வென்று கத்திக்கொண்டு அதை நோக்கி ஓடினார்கள். நானும்தான்.