முழங்கால் உறை: முதல் 20 சோடி

கரப்பந்தாட்டத்துக்கென்று தைத்த முழங்கால் உறைகளை இரண்டு வழியில் விற்றுப் பார்த்தேன். 10 சோடி முகநூலில், 10 சோடி யாழ்ப்பாணத்தில் ஆவரங்கால் பக்க மைதானங்களில்.

முகநூலில் நிறையப் பேர் விலை கேட்டார்கள், வாங்கியது மூன்று பேர். மைதானத்தில் யாரும் விலையை முதலில் கேட்கவில்லை. போட்டுக்கொண்டு செம்மண்ணில் பாய்ந்து பார்த்தார்கள். ஒரு தம்பி இரண்டாவது செட் முடியமுன்னமே வந்து, "அண்ணை, வேர்த்தால் கீழ வழுக்குது" என்றான். அந்த ஒரு வரிக்காகவே அவனிடம் காசு வாங்கவில்லை. இந்த வெயிலுக்கு இலாஸ்டிக் பட்டி இன்னும் அகலமாக வேண்டும்.

1991இலிருந்து கரப்பந்தாட்டம்தான் இலங்கையின் தேசிய விளையாட்டு. எங்கள் பெடியள் இன்னும் முழங்கால் தோல் உரியத்தான் பந்து எடுக்கிறார்கள், பார்க்கத் தாங்கவில்லை.

அடுத்த 20 சோடி தையலில். பெண்கள் அணிகளுக்குச் சின்ன சைஸும் உண்டு. எங்கே பயிற்சி நடக்கிறதென்று சொல்லுங்கள், கொண்டுவருகிறேன்.